தேதி போட்டாச்சு

கடுகு குழாயடியில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது, இன்னொன்று வாசலில் கிடந்தது. பாட்டில் நிரம்பி வழிந்து சீருடை நனைந்துகொண்டிருந்தது. அவளோ எதிர்வீட்டுச் சுவர்மேல் நடந்து போன பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வீணாப் போகுதுடி. உங்கப்பா காலை இழுத்து இழுத்து நடந்து திறந்து விடற தண்ணி அது" என்றேன்.

குழாயை மூடினாள். பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, தண்ணி ஒரு மாதிரி நாறுதும்மா."

"மருந்து போட்டிருப்பாங்க. குடிச்சுட்டு ஓடு."

குடித்துவிட்டு ஓடினாள். அன்று புதன்கிழமை, ஜூலை இருபத்தாறு. எங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரண விஷயம் அதுதான்.

மருந்து போட்டிருப்பாங்க என்றேனே, யார் போட்டிருப்பார்கள்? ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மருந்து போட வேண்டியவர் என் வீட்டுக்காரர். அஞ்சு மாதமாக யாருமே மேலே ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஊரில் தண்ணீர் கலங்கினாலும் நாறினாலும் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. நானும் சொன்னேன்.

அவருக்கு ஊரில் வால்வு என்று பெயர். இரண்டு முழ நீளத்தில் ஓர் இரும்புச் சாவி வைத்திருப்பார். தரைக்குள் இருக்கும் வால்வில் அதை மாட்டி, உடம்பைச் சாய்த்துத் திருகினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் போகும். காலை ஆறு மணிக்கு மேலத் தெரு, ஆறே முக்காலுக்குப் பள்ளிக்கூடத் தெரு, ஏழரைக்கு எங்கள் தெரு, கடைசியாகப் பள்ளத்துத் தெரு. எந்தத் தெருவிலும் அவரை யாரும் பாராட்டியதில்லை. தண்ணீர் வந்தால் அது தானாக வந்தது, வராவிட்டால் அவர் விடவில்லை.

"யோவ் வால்வு, எங்க தெருவுக்கு மட்டும் தண்ணி நடந்து வருதா?" என்று பள்ளத்துத் தெருவில் கேட்பார்கள்.

"உங்க வாய்க்குப் பயந்துகிட்டு நின்னு நின்னு வருதுக்கா" என்பார்.

"கூப்பிட்டு வாயேன், கடிக்க மாட்டோம்."

அப்படித்தான் பேச்சு போகும். அவர் கோபித்து நான் பார்த்ததில்லை.

தொட்டி ஊருக்கு நடுவில், ஊராட்சி அலுவலகத்தை ஒட்டி இருந்தது. ஆறு தூண்கள், மூன்று மாடி உயரம். சாலையைப் பார்த்த தூணில், ஆள் உயரத்தில், வெள்ளை அடித்து ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அதில் இரண்டு வரி. 'கடைசியாகச் சுத்தம் செய்த நாள்.' 'அடுத்துச் சுத்தம் செய்யும் நாள்.' பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவி, பழைய எண்ணைச் சுண்ணாம்பால் அழித்து, நீலப் பெயிண்டில் புதுத் தேதி எழுத வேண்டும். அதனால் எங்கள் ஊரில் தொட்டி கழுவுவதற்கே 'தேதி போடறது' என்று பெயர் வந்துவிட்டது. "இந்த வாரம் தேதி போட்டாச்சா?" என்று தலைவர் கேட்பார். "நாளைக்குத் தேதி போடறாங்க, ரெண்டு குடம் சேர்த்துப் பிடிச்சு வை" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். கழுவறது என்ற வார்த்தை எப்போது விழுந்துபோனது என்று யாருக்கும் தெரியாது.

முந்தைய வருடம் அக்டோபரில், மழை விட்டிருந்த ஒரு காலையில், இவர் தேதி போட ஏறினார். மேலிருந்து நாலாவது படி துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் தொங்கியிருக்கிறார். அப்புறம் சறுக்கி, பாதி உயரத்தில் பிடி கிடைத்து, அதுவும் விட்டு, கீழே குவித்திருந்த மணலில் விழுந்தார். இடுப்பு எலும்பு விட்டுப்போனது. மூன்று மாதம் படுக்கை. அந்த மூன்று மாதமும் ஊருக்குத் தண்ணீர் விட்டது நான். கடுகு சாவியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தொங்குவாள், நான் மறுபக்கம் தள்ளுவேன். "அம்மா, நீ லேடி வால்வு" என்பாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. வயதுக்கு ரொம்பச் சின்ன உடம்பு, அதனால்தான் அந்தப் பெயர்.

இவர் எழுந்து நடந்தபோது ஒரு கால் இழுத்தது. வால்வு திறக்க முடிந்தது, ஏற முடியவில்லை. பிப்ரவரியில் சொந்த ஏணி வைத்திருந்த ஒரு பெயிண்டரைப் பிடித்து ஒருமுறை கழுவ வைத்தார்கள். அத்தோடு சரி. மே மாதக் காற்றில் தொட்டியின் தகர மூடி பறந்து வந்து பக்கத்து வயலில் விழுந்தது. இவர் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து பின்சுவரில் சாய்த்து வைத்தார். ஏணி சரியானதும் மாட்டிவிடலாம் என்றார். கடுகு அதைக் கரும்பலகையாக்கிக்கொண்டாள். சாக்பீஸால் வீடு வரைந்தாள், மீன் வரைந்தாள், வால்வுச் சாவியோடு கால் சாய்ந்த ஓர் ஆளை வரைந்தாள்.

ஜூலை பதினேழு, திங்கட்கிழமை சாயங்காலம், ஊராட்சிச் செயலர் மோட்டார் சைக்கிளில் வந்து தூணருகே நின்றார். கெட்ட மனிதர் இல்லை. நான் அலுவலக வாசலில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பேன். அப்போதெல்லாம் மின்விசிறிக்குக் கீழே வந்து உட்காரச் சொல்வார். பன்னிரண்டாவது வரை படித்தவள் என்று என்மேல் ஒரு மரியாதை.

"என்னய்யா இது, தேதி பிப்ரவரியிலேயே நிக்குது?" என்று இவரைக் கேட்டார்.

"ஏணியில படி இல்லீங்க சார். சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

"ஏணி தீர்மானத்துல இருக்குய்யா. அடுத்த கூட்டத்துல வெச்சிடறேன்."

"போன கூட்டத்துக்கு முன்னாடியும் இதான் சொன்னீங்க."

"போன கூட்டத்துல தெருவிளக்குச் சண்டையே முடியல, உனக்குத் தெரியாதா? ரெண்டு பேரு சட்டையக் கிழிச்சுக்கிட்டாங்க. அதுக்கு நடுவுல நான் ஏணியத் தூக்கிட்டு நிக்கவா?" செயலர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பப் பிரச்சினை அது இல்ல. நாளைக்கு ஒன்றியத்துலருந்து பார்க்க வர்றாங்க. தேதியப் போட்டுடு."

"மேல ஏற முடியாதுங்களே."

"யாரு உன்ன ஏறச் சொன்னது? வர்றவங்க மட்டும் ஏறவா போறாங்க? வர்ற ஆபீசரு தொப்பைக்கு முதல் படியே தாங்காது. கீழே நின்னு தேதியப் பார்ப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, டீயக் குடிச்சுட்டுப் போயிடுவாங்க. தேதிய மட்டும் போடு. ஏணி வந்ததும் சாவகாசமாக் கழுவிக்கலாம்."

இவர் தலையைச் சொறிந்தார். செயலர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எழுதுங்கம்மா. இவன் எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கு. போட்டோவுல அசிங்கமா வருது."

நான் பெருமைப்பட்டேன். அதை மறைத்து இதை எழுதுவதில் அர்த்தமில்லை. ஊரே பார்க்கிற இடத்தில் என் கையெழுத்து இருக்கும் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பிரஷ்ஷை வாங்கினேன். கடுகு பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஏழு எழுதினால் நடுவில் குறுக்காக ஒரு கோடு போடுவேன். ஒன்று என்று யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பழகியது. ஊரில் வேறு யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

17.7 என்று எழுதினேன்.

"அம்மா, ஏழுக்கு பெல்ட் போட்டு விடு. டவுசர் கழண்டுடும்" என்றாள் கடுகு.

செயலர் வாய்விட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். இரண்டு ஏழுக்கும் கோடு போட்டேன். அடுத்துச் சுத்தம் செய்யும் நாள், 1.8 என்று எழுதினேன்.

"தேதி போட்டாச்சா?" என்று செயலர் பைக்கை உதைத்துக்கொண்டே கேட்டார்.

"போட்டாச்சு சார்" என்றார் இவர்.

மறுநாள் வந்தவர்கள் கீழே நின்று பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதாகச் செயலர் வந்து சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் கடுகைப் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரே கூட்டி வந்தார். வகுப்பில் வாந்தி எடுத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஏழெட்டு முறை வயிற்றால் போய்விட்டது. டீச்சர் சொன்னபடி உப்பும் சர்க்கரையும் கலந்து அரை மணிக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். குடத்திலிருந்து மொண்டு, கலக்கி, ஸ்பூனால் ஊட்டினேன். அது அதே குழாய்த் தண்ணீர். காய்ச்ச வேண்டும் என்று மறுநாள் காலையில் பக்கத்து வீட்டில் சொல்லித்தான் எனக்குத் தோன்றியது. அதற்குள் எத்தனை டம்ளர் கொடுத்திருப்பேன் என்று கணக்குப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். முழுதாகப் பழகவில்லை.

வியாழக்கிழமை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே எங்கள் ஊர்க்காரர்களாகவே இருந்தார்கள். பள்ளத்துத் தெருவிலிருந்து ஒன்பது பேர், எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர். கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் விரித்திருந்தார்கள். இரண்டு பாய் தள்ளி இஸ்திரிக்காரர் படுத்திருந்தார். தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்க்கிறவர், வாட்டசாட்டமான ஆள். நாளெல்லாம் நெருப்புப் பக்கத்தில் நிற்கிறவர் என்பதால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தார்.

"உன் பொண்ணுக்குமா?" என்றார் என்னைப் பார்த்து. "ஐயோ, இது தாங்குமா?"

இஸ்திரிக்காரர் கண்ணைத் திறந்தார். "வால்வு, உன் தண்ணி எங்களைக் கக்கூசவிட்டு வெளியவே விடமாட்டேங்குதுய்யா" என்றார். இவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

கடுகின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் நான்கு இடத்தில் குத்திப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, வண்டிக்குப் போன் செய்தார்கள். வண்டி வேறு ஊருக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு, வராந்தாவில் வெயில் ஏறிய நேரத்தில், கடுகு என் மடியில் இறந்துபோனாள். கடைசியாகத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

மறுநாள் இஸ்திரிக்காரரும் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இவர் யாரிடமும் பேசாமல் எழுந்தார். பின்சுவரிலிருந்த தகர மூடியைக் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டார். பிரஷ், வாளி, பிளீச்சிங் பவுடர் பொட்டலம் எல்லாம் எடுத்துக்கொண்டார். மூடியில் அவள் வரைந்திருந்ததை அவர் துடைக்கவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

"எங்க போறீங்க? அந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்க போறீங்க?"

"தேதி போடணும்" என்றார். நின்று, தலையை ஆட்டிக்கொண்டார். "கழுவணும்."

ஏணிக்குக் கீழே ஆட்கள் கூடிவிட்டார்கள். "எறங்குய்யா, விழுந்துடப் போற" என்றார்கள். ஒருவர் காலைப் பிடித்து இழுத்தார், இவர் உதறிவிட்டார். நல்ல காலை மேல்படியில் வைத்து, இழுக்கும் காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். நாலாவது படி இல்லாத இடத்தில் வயிற்றை ஏணியோடு அழுத்தி, கையால் தொங்கி, முழங்காலை மேலே போட்டார். உள்ளே இறங்கியவர் மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தார். கழுவிய தண்ணீர் குழாய் வழியாக வந்து வாய்க்காலில் விழுந்தது. முதலில் கறுப்பாக, பிறகு பச்சையாக, பிறகு தெளிவாக.

மூடியை மாட்டிவிட்டு வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அதில் மூன்று புறாக்கள் இருந்தன. இரண்டைப் புறா என்று அடையாளம் தெரிந்தது. மூன்றாவது வெறும் இறகும் எலும்பும்தான்.

இறங்கி வந்ததும் அந்த வாளியை எடுத்துப் போய் மோட்டார் அறைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். அதை அப்படியே வைத்திருக்க வேண்டும், யாராவது வந்து பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கழுவ வேண்டிய வேலை பாக்கி இருந்தது, அதை முடித்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். தூணில் தேதியை அவர் மாற்றவில்லை. சுண்ணாம்பு டப்பாவைத் தொடக்கூட இல்லை.

திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் வந்தார். இளவயது ஆள், உடம்பு நல்ல தெம்பு. விறுவிறுவென்று ஏறி, படியில்லாத இடத்தைத் தாவித் தாண்டி, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் மஞ்சளானது.

"மருந்து கரெக்டா இருக்கு. டேங்க் பளபளன்னு இருக்கு. தேதியும் சரியா இருக்கு" என்று நோட்டில் எழுதினார். "அப்ப வீட்டுல பிடிச்சு வெக்கிறதுலதான் கோளாறு. பாத்திரம் பண்டத்தைப் பார்க்கணும்."

வீடு வீடாகப் போனார். இஸ்திரிக்காரர் வீட்டில் ஒரு பானை மூடியில்லாமல் இருந்தது. அதை எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டுக் குடத்தையும் பார்த்தார். அது மூடியிருந்தது. எங்களை ஒன்றும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை இஸ்திரிக்காரர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். ஆகஸ்ட் ஒன்று. தூணில் 'அடுத்து' என்று நான் எழுதியிருந்த நாள். வந்தவர் உள்ளே வந்து உட்கார்ந்து கடுகின் பையைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

"எனக்கு ஒரு மனு எழுதித் தரணும்மா. இந்த நேரத்துல வந்து கேக்கறேன்னு நெனைக்காத."

"சொல்லுங்கக்கா."

"என் பானைய மூடாததாலதான் அந்த மனுஷன் செத்தாருன்னு எழுதியிருக்காங்களாம். தெருவுல பேசிக்கிறாங்க. நேத்து குழாயடியில ஒருத்தி என் குடத்தத் தள்ளி வெச்சா. நீயே சொல்லு, பொணம் எடுத்து ரெண்டு நாள் ஆன வீடு. எவ அங்க மூடியத் தேடிக்கிட்டு இருப்பா? அவரு இருந்தவரைக்கும் மூடித்தான் வெச்சிருந்தேன். தட்டப் போட்டு, மேல சொம்ப வெச்சு. அவருக்கு எடுக்கக் கைக்கு வாகா."

பேப்பரை எடுத்தேன். ஐயா என்று தொடங்கி எழுதினேன். அவருடைய கதவு எண்ணைக் கேட்டேன். இருபத்தேழு என்றார். எழுதினேன்.

அந்த அக்காவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் வைக்க, மூட்டையில் கதவு எண்ணை மையால் எழுதி எழுதிப் பழகியவர். என் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஏழு..." என்றார்.

நான் பேனாவை நிறுத்தினேன்.

"தூண்ல இருக்கற ஏழு மாதிரியே இருக்கு. நாங்க தெனம் அங்கதான வண்டி நிறுத்துவோம். யாருடா இப்படி இடுப்புல கட்டி விட்டிருக்காங்கன்னு அவருகூட கேட்டாரு."

"நான்தான்க்கா எழுதினேன்."

"ஓ" என்றார். "அப்ப தேதி போட்டப்ப நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"நல்லாத்தானே கழுவுனாங்க?"

எனக்கு இருந்தது ஒரே ஒரு நிமிஷம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வேறு எதையும் கேட்க மாட்டார். பானையை மூடிக்கொண்டு தெருவில் வாழ்ந்துவிட்டுப் போவார். கடுகின் சீருடை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நனைந்து காய்ந்தது.

"கழுவலக்கா" என்றேன். "தேதி மட்டும்தான் போட்டோம். பிப்ரவரிக்கு அப்புறம் யாருமே கழுவல. முந்தாநாள்தான் இவரு ஏறினாரு. புறா செத்துக் கெடந்துச்சு. புதைச்சுட்டாரு."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உன் பொண்ணும் அதைத்தான குடிச்சா" என்றார்.

"ஆமாக்கா."

"தெரிஞ்சேவா குடுத்த?"

அவர் எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வந்தார். பேப்பரை விரலால் தட்டினார்.

"இதையும் எழுது. இப்ப என்கிட்ட சொன்னியே, அத அப்படியே எழுது. ஒரு வார்த்தை குறையக் கூடாது. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு வேற எதையாவது எழுதிடாத."

எழுதி அவர் கையில் கொடுத்தேன். அவர் போன பிறகு இவர் பின்வாசலிலிருந்து உள்ளே வந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"நான் கழுவியாச்சுன்னு சொல்லல" என்றார் சுவரைப் பார்த்து. "தேதி போட்டாச்சான்னு கேட்டாரு. போட்டாச்சுன்னேன். பொய் சொல்லல."

"தெரியும்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"சாவிய எங்க குடுக்கறது? அலுவலகத்துலயா, தலைவர் வீட்டுலயா?" என்றார். அந்த மனிதருக்கு எப்போதும் இதுதான் கவலை. நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அன்றுதான் அவர் கடுகுக்காக அழுதார்.

வியாழக்கிழமை விசாரணை வைத்தார்கள். ஊராட்சி அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒன்றியத்து அதிகாரி, பக்கத்தில் தலைவர், நின்றபடி செயலர். வாசலில் ஊர். மனு அதிகாரியின் கையில் இருந்தது. முன்பு கீழே நின்று போட்டோ எடுத்தவர் அந்த அதிகாரிதான் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"மனு அவங்களோடது. உங்க வீட்டுக்காரருக்கு எதிரா நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. புரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"புரிஞ்சுதாங்க."

அதிகாரி இவரைப் பார்த்தார். "ஜூலை பதினேழாம் தேதி டேங்க் கழுவுனீங்களா?"

"தேதி போட்டோம் சார்."

"அதைக் கேக்கல. கழுவுனீங்களா?"

"இல்லீங்க."

"ஏன் கழுவல?"

"ஏணியில படி இல்லீங்க. அப்புறமாக் கழுவிக்கலாம், தேதிய மட்டும் போடுன்னு சார் சொன்னாரு."

செயலர் ஓர் அடி முன்னால் வந்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒன்று கடுகின் வகுப்பு.

"சார், தேதி போடச் சொன்னேன், இல்லேங்கல. ஆனா எங்க ஊர்ல தேதி போடறதுன்னா கழுவறதுன்னுதான் அர்த்தம். யாரை வேணா கேளுங்க. போட்டாச்சான்னு கேட்டேன், போட்டாச்சுன்னான். கழுவிட்டான்னுதான நான் நெனைப்பேன்?"

அதிகாரி வாசலைப் பார்த்தார். "அப்படியா? தேதி போடறதுன்னா கழுவறதா?"

யாரோ ஆமாம் என்றார்கள். அப்படித்தான் சார் சொல்லுவோம் என்றார்கள். பொய் இல்லை, அப்படித்தான் சொல்வோம். இஸ்திரிக்காரர் மனைவி மட்டும் சத்தமாகக் கேட்டார்: "படியில்லாத ஏணியில எப்படிய்யா கழுவுவான், பறந்தா?"

"அம்மா, உங்களைக் கேக்கறப்ப சொல்லுங்க."

"கேக்கவே மாட்டேங்கறீங்களே."

யாரோ சிரித்தார்கள். தலைவர் கையை உயர்த்தினார். சிரிப்பு அடங்கியது.

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "தூண்ல எழுதினதை இதுல எழுதுங்க."

17.7 என்று எழுதினேன். கை தானாக இரண்டு ஏழுக்கும் குறுக்கே கோடு போட்டது. போட்ட பிறகு கொஞ்ச நேரம் என்னால் பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை. செயலர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவரும் சிரித்தாரே, அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

அதிகாரி வெகுநேரம் எழுதினார். எழுதியதை வாசித்தார். தொட்டி இயக்குபவர் தொட்டியைச் சுத்தம் செய்யாமலேயே சுத்தம் செய்ததாகத் தேதி எழுத ஏற்பாடு செய்து, செயலரைத் தவறாக நம்பவைத்துள்ளார். அவரை வேலையிலிருந்து நீக்கலாம். பானையைப் பற்றிய வரியை அடித்துவிட்டதாகச் சொன்னார். இஸ்திரிக்காரர் மனைவி அந்த இடத்தைக் காட்டச் சொல்லி, விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"ஏணியப் பத்தி ஒண்ணும் இல்லீங்களே" என்றேன்.

"அது வேற ஃபைல்மா" என்றார்.

இவர் சாவியை மேசைமேல் வைத்தார். கனமான சாவி. தாள்களின் மேல் அதை வைக்கக் கூடாது என்று தலைவர் சொன்னார். எடுத்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. இவர் பக்கத்து ஊர் மரக்கடைக்குப் போகிறார். உட்கார்ந்து பலகை இழைக்கிற வேலை. சாயங்காலம் வந்தால் அதிகம் பேசுவதில்லை. நான் தண்ணீர் காய்ச்சும்போது அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்று, கொதிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். இஸ்திரிக்காரர் மனைவி வண்டியை வைத்துக்கொண்டார். எதிரில் பார்த்தால் தலையசைப்பார். பேச மாட்டார். ஒருமுறை மட்டும், நான் தூணைக் கடந்து போனபோது, "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன்க்கா என்றேன்.

நான் இப்போது மனு எழுதுவதில்லை.

புதிதாக வந்த தொட்டிக்காரர் நாற்பது வயதுக்காரர், முன்பு லாரி ஓட்டியவர். வந்ததும் யாரோ, கழுவத் தொட்டிக்குள் இறங்க வேண்டாம், மேலிருந்து வாளியைக் கட்டி இறக்கி அள்ளினால் போதும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் காலையில் நீலப் பெயிண்ட் டப்பாவோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவருக்கு நடந்தது முழுதாகத் தெரியாது போலிருக்கிறது.

"அக்கா, நாளைக்குப் பார்க்க வர்றாங்களாம். தூண்ல தேதி போட்டுத் தர்றீங்களா? உங்க கையெழுத்து நல்லா இருக்கும்னு அலுவலகத்துல சொன்னாங்க."

இவர் வேலைக்குப் போயிருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த ஆளோடு தொட்டிவரைக்கும் நடந்தேன். கட்டத்தில் பழைய எண்மேல் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். ஈரம் காயவில்லை.

"நீங்க மேல ஏறிக் கழுவிட்டு வாங்க. நான் இங்கேயே உக்கார்ந்திருக்கேன். எறங்கினதும் எழுதித் தர்றேன்" என்றேன்.

"இன்னிக்கே ஏறணுமாக்கா?"

"இன்னிக்கு ஏறினா இன்னிக்குத் தேதி."

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மேலிருந்து நாலாவது படி இல்லை.